தங்க வேலைப்பாடு போட்ட சவரக்கத்திக்கு எந்தக் கல்லு, எந்த வாரு: யூஸ் பண்ணிப் பாத்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், நார்ட்டன் 4000/8000 கல்லு, நானிவா 12000 கல்லு (இந்த நம்பர்தான் கிரிட், கூடக்கூட கல்லு நைசா இருக்கும்), ஒரு ரோல் எலக்ட்ரிக்கல் டேப்பு, கேன்வாஸும் தோலும் சேர்ந்த ஒரு தொங்கு வாரு (ஷேவுக்கு முன்னாடி கத்திய இழுத்து கூரை சரி பண்ற பட்டை), சின்ன பாட்டில்ல கமீலியா எண்ணெய், இவ்வளவு இருந்தா வேலைப்பாடு உள்ள மடக்கு சவரக்கத்தியை புதுசா ஆரம்பிக்கிற யாரும் வருஷக்கணக்கா நல்லா வெச்சுக்கலாம். இதுல எது இல்லாம முடியவே முடியாது, எதை அப்புறமா வாங்கிக்கலாம், எந்தப் பொருளை கத்தி பக்கமே கொண்டு போகக்கூடாதுங்கறதைத்தான் எழுதறேன். சாதா சவரக்கத்திக்கு தீட்டறது பத்தி நிறைய பேர் நிறைய சொல்லிருக்காங்க, ஆனா தங்க முலாமும் முதுகுல செதுக்கலும் இருக்கற கத்திக்கு அதே அட்வைஸ அப்படியே எடுத்து செஞ்சா கத்தி கூராகும், அழகு போயிடும்.

நான் இதையெல்லாம் போட்டுப் பாத்தது ரெண்டு கத்தியில. ஒண்ணு டோவோ பிஸ்மார்க், ஜெர்மனியில ஜோலிங்கன்ல செய்யறது, 6/8 அகலம், ஃபுல் ஹாலோ (ரெண்டு பக்கமும் நல்லா குழிவா தேச்சு மெல்லிசாக்கினது), கார்பன் ஸ்டீல், பிளேடு மேல தங்கத்துல எட்சிங், அதாவது ஆசிட்டால அரிச்சு போட்ட டிசைனு. 6/8னா ஒரு இன்ச்ச எட்டு பங்காக்கி அதுல ஆறு பங்கு, அதாவது முதுகுல இருந்து கூர் வரைக்கும் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். இன்னொண்ணு பழைய கத்தி, முதுகு முழுக்க அரம் வெச்சு கொத்தின இலை டிசைனு, கைப்பிடி செல்லுலாய்டு. ஒண்ணுல அழகு பிளேடோட முகத்துல இருக்கு, இன்னொண்ணுல முதுகுல இருக்கு, அதனால ரெண்டுக்கும் ஆபத்து வேற வேற இடத்துல இருந்து வருது.

ஒரு பொருள வாங்கலாமா வேண்டாமான்னு நான் பாக்கறது ஒரே ஒரு விஷயத்த வெச்சுத்தான். கூர் மழுங்கினா திரும்ப கொண்டு வந்துடலாம், இன்னைக்கு சரியா வரலன்னா அடுத்த வாரம் வரும். தங்கம் ஒரு தடவ தேஞ்சுதுன்னா அவ்வளவுதான், முதுகுல கொத்தின இலையோட விளிம்பு கல்லுல தட்டையாச்சுன்னா அந்த கை வேலைய யாராலயும் திரும்ப வைக்க முடியாது. அதனால "இந்தக் கல்லு எவ்வளவு சீக்கிரம் தீட்டுது"ங்கற கேள்விய ஓரமா வெச்சுட்டு, "இது வேலைப்பாட்ட தொடாம தீட்டுதா"ன்னு கேளுங்க, வாங்க வேண்டிய லிஸ்ட்டு தானா பாதியாயிடும்.

இந்த முலாம் எப்படி உக்காந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் புரிஞ்சிடும். பிளேடு மேல டிசைன் வேண்டாத இடத்த மட்டும் ஆசிட் படாம மூடிட்டு, மிச்சத்த ஆசிட்ல அரிக்க விட்டு, அந்த அரிச்ச இடத்துல தங்கம் ஏத்தறாங்க, சிலதுல டிசைன் சுத்தி இருக்கற பின்னணிக்கும் சேத்து ஏத்திருப்பாங்க. அந்தத் தங்கம் ரொம்ப ரொம்ப மெல்லிசு, நகை மேல இருக்கற கெட்டி முலாம் மாதிரி நினைக்காதீங்க, பாலிஷ் போட்டு நாலு தேய் தேச்சாலே கீழ இருக்கற ஸ்டீல் எட்டிப் பாக்கும். சந்தோஷமான விஷயம் என்னன்னா ஃபுல் ஹாலோ கத்திய கல்லு மேல படுக்க வெச்சா ரெண்டே இடம்தான் கல்லைத் தொடும், ஒண்ணு முதுகோட ஓரம், இன்னொண்ணு கூரை ஒட்டின ஒரு மெல்லிய பட்டை, அதத்தான் பெவல்னு சொல்றோம். நடுவுல குழிஞ்சு இருக்கற முகம் அந்தரத்துல நிக்கும், தங்கம் அங்கதான் இருக்கு. அப்போ கல்லால தங்கத்துக்கு ஆபத்து இல்ல, கல்ல விட்டு கத்திய எடுத்ததுக்கப்புறம் நாம துணியாலயும் பாலிஷாலயும் தேய்க்கறதுலதான் ஆபத்து.

ஆனா குழி இல்லாத, ஆப்பு மாதிரி தடிமனா வர்ற பழைய வெட்ஜ் கத்தியா இருந்தா கதை வேற. அதுல முகம் கிட்டத்தட்ட சமதளம், கல்லுக்கும் டிசைனுக்கும் இடைவெளியே இருக்காது. அந்த மாதிரி கத்தியில தங்கம் இருந்துச்சுன்னா முதல் கத்தியா அதை எடுத்து பழகாதீங்க, ஹாலோ கத்தியில கை பழகட்டும்.

இப்ப டேப்புக்கு வர்றேன், ஏன்னா இந்த மொத்த லிஸ்ட்லயும் ரொம்ப சல்லிசான பொருள் அதுதான், வேலைப்பாடு உள்ள கத்திக்கு ரொம்ப முக்கியமான பொருளும் அதுதான். சாதாரண பிவிசி இன்சுலேஷன் டேப்பு, ஒயர் மேல சுத்தறது. முதுகு நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முதுகோட உச்சியில நடுவா வெச்சு, ரெண்டு பக்கமும் ஒரே அளவு மடிஞ்சு இறங்கற மாதிரி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெச்சு பிடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்புல தடவணும். இழுத்து ஒட்டக்கூடாது, ரப்பர் மாதிரி நீண்டு நடுவுல மெல்லிசாவும் ரெண்டு முனையில தடிமனாவும் போயிடும், அப்புறம் கூர் ஒரு பக்கம் மட்டும் தேயும். கத்தியோட கூர் பக்கம் விரல் போகாம முதுகு பக்கமா இருந்தே வேலைய முடிங்க. பிளேடு முகத்துல தங்கம் முதுகு வரைக்கும் ஏறி வந்திருந்தா டேப்போட அகலத்த முன்னாடியே குறைச்சு வெட்டிக்கங்க, பசை தங்கத்து மேல உக்கார வேண்டாம், ஏற்கனவே பிடிப்பு விட்டிருக்கற பழைய முலாம்னா டேப்ப உரிக்கும்போது பசையோட சேர்ந்து தூளா வந்துடும்.

டேப்பு போட்டா கோணம் மாறிடாதான்னு கேப்பீங்க, மாறும். சவரக்கத்தியோட அழகே அதுல தான் இருக்கு, கோணத்த நாம கையால பிடிக்க வேண்டியதில்ல, முதுகோட தடிமனும் பிளேடோட அகலமும் சேர்ந்து அதை முடிவு பண்ணிடுது. அகலம் தடிமனை போல மூணரை மடங்கு இருந்தா கூரோட மொத்தக் கோணம் 16 டிகிரி சொச்சம் வரும். ஒரு லேயர் டேப்பு போட்டா 6/8 கத்தியில அது ஒரு டிகிரிக்கு கொஞ்சம் கம்மியா ஏறும், முகத்துல வித்தியாசமே தெரியாது. ஆனா ஒண்ண கவனிக்கணும், டேப்போட தீட்டின கத்திய அடுத்த தடவ டேப்பு இல்லாம கல்லுல வெச்சா கூரோட நுனி கல்லைத் தொடவே தொடாது, அதுக்கு கொஞ்சம் மேல இருக்கற இடம்தான் தேயும், எவ்வளவு தேச்சாலும் கூர் வராது. போட்டா எப்பவும் போடணும், ஒரு லேயர்னா எப்பவும் ஒரு லேயர். கல்லு மாத்தும்போது டேப்பையும் புதுசா மாத்திடுங்க, சொரசொரப்பு கல்லுல டேப்பு சீக்கிரம் தேஞ்சு ஓட்டை விழுந்துடும். முடிஞ்சதும் உடனே உரிச்சிடுங்க, ராத்திரி முழுக்க விட்டீங்கன்னா டேப்புக்கு அடியில நின்ன தண்ணி கொத்து வேலையோட பள்ளத்துல துருவா உக்காந்துடும். பசை மிச்சம் இருந்தா தின்னர் வேண்டாம், ஒரு சொட்டு எண்ணெய் தடவி கொஞ்ச நேரம் ஊற விட்டு மெல்லிய துணியால ஒத்தி எடுத்தா வந்துடும்.

டேப்பே போடக்கூடாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, முதுகும் கூரும் சேர்ந்தே தேஞ்சாத்தான் கோணம் காலத்துக்கும் மாறாம இருக்கும்னு. சாதா கத்திக்கு அது நியாயம்தான், நானே ஒத்துக்கறேன். முதுகுல இலையும் கொடியும் கொத்தின கத்திக்கு அந்த நியாயத்த கொண்டு வராதீங்க.

கல்லுக்கு போலாம். நார்ட்டன் 4000/8000 ஒரே கல்லுல ரெண்டு பக்கம், 8 இன்ச் நீளம் 3 இன்ச் அகலம். இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த 3 இன்ச் அகலம்தான், கத்தியோட கூர் கிட்டத்தட்ட முழுசும் ஒரே நேரத்துல கல்லு மேல உக்காந்துடுது, ஆரம்பிக்கறவங்களுக்கு இது பெரிய நிம்மதி. யூஸ் பண்றதுக்கு முன்னாடி தண்ணியில ஊற போடணும், குமிழி வர்றது நிக்கற வரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் லேப்பிங், அதாவது கல்ல மட்டம் பண்றது. எந்த தண்ணிக் கல்லா இருந்தாலும் முதல் யூஸுக்கு முன்னாடியும், அப்பப்போவும் இதை செய்யணும். பென்சிலால கல்லு முழுக்க கட்டம் போட்டு, டைமண்ட் பிளேட்டுலயோ இல்ல கண்ணாடிப் பலகை மேல விரிச்ச வாட்டர்பேப்பர்லயோ தண்ணியோட தேச்சா மேடு இருக்கற இடத்துல பென்சில் கோடு முதல்ல போகும், பள்ளத்துல கடைசி வரைக்கும் நிக்கும், எல்லா கோடும் போற வரைக்கும் தேய்க்கணும். கல்லோட நாலு ஓரத்தையும் லேசா மழுக்கி விட்டுடுங்க, கூர்மையான ஓரம் இருந்தா திருப்பும்போது கத்தி அதுல இடிச்சு கூர்ல சில்லு போயிடும்.

4000 பக்கம் உண்மையிலேயே வேகமா வேலை செய்யும், அதனாலதான் புதுசா ஆரம்பிக்கறவங்க அதுல ரொம்ப நேரம் உக்காரக்கூடாது. பெவல் ஏற்கனவே சரியா இருக்கற கத்திக்கு 8000 பக்கமே போதும். பெவல் சரியா இருக்கான்னு எப்படி பாக்கறதுன்னா, பெர்மனன்ட் மார்க்கரால கூரை ஒட்டின பட்டைய கறுப்பாக்கிட்டு 8000ல ரெண்டு மூணு தடவ லேசா இழுத்து எடுத்து லூப்புல (கண்ணுகிட்ட வெச்சு பாக்கற சின்ன பூதக்கண்ணாடி) பாருங்க. கூரோட நுனி வரைக்கும் கறுப்பு போயிருந்தா நல்லது. நுனியில ஒரு மெல்லிய கறுப்பு கோடு நின்னுச்சுன்னா கல்லு இன்னும் கூரைத் தொடலைன்னு அர்த்தம். நடுவுல மட்டும் போய் ரெண்டு முனையிலயும் நின்னாலோ, ஒரு பக்கம் போய் மறு பக்கம் நின்னாலோ பிளேடு லேசா வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். இந்த ஒரு மார்க்கர் டெஸ்ட்டு எத்தனையோ தேவையில்லாத தேய்ப்ப மிச்சம் பண்ணிக் கொடுக்கும், தேய்ப்பு கம்மியானா கத்திக்கு ஆயுசு கூடும். மார்க்கர் தங்கத்து மேல படாம பாத்துக்கங்க, அதை அழிக்க போட்டு தேய்க்க ஆரம்பிச்சா வம்பு.

இந்தக் கல்லுக்கு பிரமிட் முறைன்னு ஒண்ணு பழக்கத்துல இருக்கு, 4000ல சில தடவ, 8000ல சில தடவன்னு மாத்தி மாத்தி போய், 4000ஓட எண்ணிக்கைய படிப்படியா குறைச்சு 8000ஓடத கூட்டிக்கிட்டே போறது. ரொம்ப மழுங்கின கத்திக்கு அது நல்லாவே வேலை செய்யுது. நல்ல கத்தி லேசா மழுங்கினதுக்கு அது தேவையில்ல.

இழுக்கற விதத்த சொல்லிடறேன். கூர் முன்னாடி போகணும், முதுகு பின்னாடி வரணும், முதுகும் கூரும் ரெண்டும் எப்பவும் கல்லு மேலயே இருக்கணும். கல்லோட முனைக்கு போனதும் கத்திய தூக்காம முதுகு மேலயே உருட்டி திருப்பி அடுத்த பக்கம் வரணும். கத்தியோட சொந்த எடைக்கு மேல அழுத்தம் கூடாது. ஃபுல் ஹாலோ பிளேடு அவ்வளவு மெல்லிசு, கொஞ்சம் அழுத்தினாலே வயிறு வளைஞ்சு கூர் மேல தூக்கிக்கும், நாம நினைக்கற இடம் தேயாது. ஒரு கையால பிடிங்க, ரெண்டாவது கை வந்தாலே அழுத்தமும் கூட வந்துடும்.

இப்ப நானிவா 12000. இது ஒண்ணுதான் இந்த ரிவ்யூவுல நான் மனசார "கண்ண மூடிட்டு வாங்குங்க"ன்னு சொல்ற கல்லு. ஊற போட வேண்டாம், மேல தண்ணி தெளிச்சா போதும், ரெசின்ல கட்டின கல்லுங்கறதால ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள போடறதே தப்பு. அகலம் 70 மில்லிமீட்டர், கூர் நீளத்தவிட துளி கம்மி, அதனால நேரா இழுக்காம பிடி பக்கத்துல ஆரம்பிச்சு நுனி பக்கத்துல முடியற மாதிரி குறுக்கா இழுக்கணும், எக்ஸ் ஸ்ட்ரோக்னு சொல்றாங்க. ஆரம்பத்துல கை தடுமாறும், அப்புறம் அதுவே பழக்கமாயிடும்.

இந்தக் கல்லுல நடக்கறத கிட்ட இருந்து பாத்தா ஆசையா இருக்கும். முதல் சில இழுப்புல தண்ணி கூருக்கு முன்னாடி ஒரு சின்ன அலையா தள்ளிக்கிட்டு போகும். கூர் ஏற ஏற அந்த அலை கூருக்கு மேல ஏறி பிளேடு முகத்துல வழிய ஆரம்பிக்கும், கூர் தண்ணிக்கு அடியில நுழையுதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் போனா கத்தி கல்லோட லேசா ஒட்டிப் பிடிக்கற மாதிரி கைக்கு தெரியும், ரெண்டு ஈரக் கண்ணாடிய ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு நகர்த்தினா எப்படி இழுக்குமோ அப்படி. அந்தப் பிடிப்பு பிடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே சீரா இருந்தா நிறுத்திடலாம். ஒரு இடத்துல மட்டும் வழுக்கிட்டு போச்சுன்னா அங்க இன்னும் வேலை பாக்கி. கல்லு மேல சாம்பல் கலர்ல கோடு கோடா படியும், அது கத்தியில இருந்து வந்த ஸ்டீல் தூள், தண்ணி விட்டு விரலால தேச்சு எடுத்துட்டு தொடருங்க.

இந்த வகை ரெசின் கல்லு கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், கூர் முன்னாடி போற இழுப்புல நுனி சாஞ்சுதுன்னா கல்லுல வெட்டு விழும், அதனாலதான் கத்திய தட்டையா வெச்சிருக்கறது அவ்வளவு முக்கியம். வேலை முடிஞ்சதும் துடைச்சு நிழல்ல நிக்க வெச்சு காய விடணும். வெயில்லயோ ஹீட்டர் பக்கத்துலயோ வெச்சா வளைஞ்சு போக வாய்ப்பு இருக்கு.

கல்லு விஷயத்துல பெல்ஜியத்தோட கோட்டிக்கூல் பத்தியும் ஒரு வார்த்தை. ஆர்டென் மலைப்பகுதியில தோண்டி எடுக்கற இயற்கைக் கல்லு, மஞ்சள் கலர், உள்ள பொடிப் பொடியா கார்னெட் மணி இருக்கு, அதுதான் ஸ்டீல அரிக்கறது. மேல சின்னக் கல்லால தேச்சு பால் மாதிரி கரைசல் வரவெச்சு, இழுக்க இழுக்க தண்ணி சேத்து அதை நீர்த்துப் போக வெச்சே ஒரே கல்லுல ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் வந்துடலாம். அதுல வர்ற கூர் தோலுக்கு ரொம்ப மெதுவா இருக்கும், எனக்கு அந்த ஷேவ்தான் ஆசை. ஆனா ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு குணம், உங்க கல்லோட குணத்த நீங்களேதான் கண்டுபிடிக்கணும், அதனால முதல் கல்லா அதை சொல்ல மாட்டேன்.

தோல் வாருதான் தினமும் கையில இருக்கப் போற பொருள், கல்ல வருஷத்துக்கு சில தடவதான் தொடுவோம். கொக்கியில மாட்டற தொங்கு வாரு, முன்னாடி தோல், பின்னாடி கேன்வாஸ், 3 இன்ச் அகலம். ஷேவ் பண்றதுக்கு முன்னாடி கேன்வாஸ்ல 20, 30 தடவ, தோல்ல 50, 60 தடவ. இங்க கல்லுக்கு நேர் எதிர், முதுகு முன்னாடி போகும், கூர் பின்னாடி இழுபட்டு வரும், திருப்பறது மட்டும் அதே மாதிரி முதுகு மேல. வேகம் காட்டாதீங்க, திருப்பற அந்த நொடியில கூர் தோல்ல பாஞ்சா வாரும் போச்சு கூரும் போச்சு, அதனால முதல் வாரா சாதாரணமானத வாங்கி அதுல கை பழகட்டும், நல்ல வாரு அப்புறம்.

வேலைப்பாடு உள்ள கத்திக்கு வாருல ஒரு தனி விஷயம் இருக்கு, இத நான் யாரும் அழுத்திச் சொல்லிக் கேட்டதில்ல. வாரு தொய்வா இருந்தா தோல் வளைஞ்சு பிளேடோட குழிக்குள்ள ஏறி முகம் முழுக்க தேய்க்கும். கூரை மொண்ணையாக்கறது ஒரு பக்கம், தினம் 50, 60 தடவ தங்கத்து மேல தோல் தேச்சா வருஷக்கணக்குல அது என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பழைய தங்கக் கத்திகள்ல எழுத்தோட மேல் பாதி பளிச்சுன்னும் கூர் பக்கம் இருக்கற கீழ் பாதி வெளிறியும் இருக்கறத கவனிச்சீங்கன்னா எனக்குத் தெரிஞ்சு அதுக்கு துடைப்பும் தொய்வான வாரும்தான் காரணம். வாரு விறைப்பா இருக்கணும், கத்தி அதை அழுத்தி பள்ளம் பண்ணக்கூடாது. உங்களுக்கு இழுத்துப் பிடிக்க வரலன்னா பலகையில ஒட்டின வாரு வாங்கிக்கங்க, தங்க எட்சிங் கத்திக்கு அதுவே பாதுகாப்பு.

குரோமியம் ஆக்சைடு பச்சை பேஸ்ட், 0.5 மைக்ரான், அதை தினசரி வாரு மேல பூசிடாதீங்க, ஒரு தடவ பூசினா தோல்ல இருந்து போகவே போகாது. தனியா ஒரு துண்டு தோலோ பால்சா கட்டையோ வெச்சு அதுல பூசுங்க. கூர் லேசா குறையும்போது அதுல பத்து தடவ இழுத்தா கல்லு பக்கம் போறத ரொம்ப நாள் தள்ளிப் போடலாம். இதுவும் அரிக்கற பொருள்தான், முகத்துல ஒட்டியிருந்தா தேய்க்காம ஈரத் துணியால ஒத்தி எடுத்துடுங்க.

கூர் வந்துச்சான்னு பாக்க கட்டைவிரல் நகத்துல இழுத்துப் பாக்கற வழக்கத்த விட்டுடுங்க, அப்பதான் போட்ட கூர் அங்கயே கெட்டுடும். ஒரு தலைமுடிய தொங்க விட்டு கூர்ல தொட வெச்சு தானா அறுபடுதான்னு பாக்கறது நல்ல டெஸ்ட்டு, ஆனா முடிக்கு முடி மாறும். கடைசியில கன்னம் சொல்றதுதான் தீர்ப்பு.

பராமரிப்புல முதல்ல விலக்க வேண்டியத சொல்றேன். மெட்டல் பாலிஷ், எந்த பிராண்டா இருந்தாலும் சரி, தங்கம் இருக்கற பிளேடு கிட்ட கொண்டு போகாதீங்க. சாதா கத்தியில துருப் புள்ளிய எடுக்க அது அருமையான பொருள், அதனாலதான் எல்லாரும் ரெகமண்ட் பண்றாங்க, ஆனா அது வேலை செய்யறதே மேல் பரப்ப அரிச்சுத்தான், தங்கம் தான் அந்த மேல் பரப்பு. 0000 ஸ்டீல் உல்லும் (ரொம்ப நைசான இரும்பு நார்) அப்படியே. தங்கத்து பக்கத்துல துருப் புள்ளி வந்தா எண்ணெய ஊற விட்டு பல் குச்சி மாதிரி மரக்குச்சியால அந்தப் புள்ளிய மட்டும் மெதுவா சுரண்டுங்க, வர்றது வரட்டும், மிச்சம் கறையா நின்னா நிக்கட்டும், அது மேல பரவாம எண்ணெய் பாத்துக்கும்.

ஷேவ் முடிஞ்சதும் நுரைய கழுவும்போது பிளேடு மட்டும் நனையற மாதிரி பிடிங்க, மடிப்பு ஆணி இருக்கற இடத்துல தண்ணி போச்சுன்னா வெளிய வரவே வராது, உள்ளயே இருந்து ஆணியையும் பிளேடோட அடிப்பாகத்தையும் தின்னும். டிஷ்யூவ முதுகுல இருந்து கூர் பக்கமா ஒத்தி எடுங்க, தேய்க்க வேண்டாம். அப்புறம் கேன்வாஸ்ல பத்து தடவ, கூர்ல இருக்கற ஈரம் போகும். சில மணி நேரம் திறந்தே வெச்சுட்டு அப்புறம் மடக்குங்க. கமீலியா எண்ணெய் ஜப்பான்ல கத்திகளுக்கு போடறது, சீக்கிரம் பிசுபிசுன்னு கெட்டியாகாது, விரல் நுனியில ஒரு சொட்டு எடுத்து தங்கத்து மேல சும்மா தடவினா போதும். அது கிடைக்கலன்னா மினரல் ஆயில் போதும், பயந்து தேட வேண்டியதில்ல. சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம், கெட்டு பிசுக்காயிடும்.

கைப்பிடிக்கு வந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. செல்லுலாய்டுங்கறது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்து செஞ்சது, கட்டைவிரலால சூடு ஏற தேச்சா கற்பூர வாசனை வரும், அத வெச்சே கண்டுபிடிச்சிடலாம். அது பழசாகி சிதைய ஆரம்பிச்சா அமில வாயு விடும், அந்த வாயு பிளேடையே அரிக்கும். கைப்பிடிக்குள்ள மடங்கியிருக்கற பகுதி மட்டும் கறுத்து துரு ஏறியிருந்தா சந்தேகமே வேண்டாம், காரணம் அதுதான். அந்தக் கத்திய மூடின பெட்டியில வைக்கக்கூடாது, மத்த கத்திங்களோடயும் சேர்த்து வைக்கக்கூடாது, காத்து வர்ற இடத்துல பிளேடு திறந்த மாதிரி வைங்க, நெருப்பு பக்கம் கொண்டு போகாதீங்க, சட்டுனு பத்திக்கும். கொம்பு கைப்பிடி காஞ்சா வளையும், பூச்சியும் அரிக்கும், அப்பப்போ எண்ணெய் தடவணும். தந்தம் ஈரத்துலயும் வறட்சியிலயும் மாறி மாறி இருந்தா வெடிக்கும், தண்ணியே படக்கூடாது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தோட சர்வதேச வியாபாரத்த நிறுத்த சைட்ஸ்ங்கற அழியற உயிரினங்கள் வியாபார ஒப்பந்தத்தோட மாநாட்டுல முடிவெடுத்தது 1989ல, அதனால பழைய தந்தக் கைப்பிடி கத்திய நாடு விட்டு நாடு வாங்கறதுக்கு முன்னாடி சட்டத்த பாத்துக்கங்க.

வெல்வெட்டு வெச்ச அழகான பெட்டியோட கத்தி வந்திருந்தா பெட்டிய அலமாரியில வைங்க, கத்திய அதுக்குள்ள வைக்காதீங்க. துணியும் தோலும் ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பா அத விட எவ்வளவோ மேல்.

பெட்டின்னதும் ஞாபகம் வருது, எனக்கு தெரிஞ்சவர் ஒருத்தர் ஆன்லைன்ல ஒரு கிஃப்ட் செட்டு வாங்கிட்டு வந்து காமிச்சார், பிளேடு முழுக்க அலை அலையா டமாஸ்கஸ் டிசைனு, கைப்பிடியில செதுக்கல், பாக்க அவ்வளவு ஜோர். முதுகு பக்கம் திருப்பி வெளிச்சத்துல பாத்தேன், அலை முகத்தோட நின்னு போச்சு, முதுகு வழவழன்னு வெறுமையா இருந்துச்சு. நிஜ டமாஸ்கஸ்னா அடுக்கடுக்கா சேர்த்து அடிச்ச ஸ்டீல், அந்த அடுக்கு உள்ள வரைக்கும் போகும், முகத்துல இருக்கற கோடு முதுகைத் தாண்டி மறு பக்கம் தொடர்ந்து வரணும். இது மேல மட்டும் எட்ச் பண்ணது. மார்க்கர் போட்டு கல்லுல வெச்சா ஒரு பக்கம் ரெண்டு முனை மட்டும் தேயுது, மறு பக்கம் நடு மட்டும் தேயுது, பிளேடே வளைஞ்சிருக்கு. இந்த மாதிரி கத்திய எந்தக் கல்லாலயும் சரி பண்ண முடியாது, தீட்டினாலும் கூர் நிக்காது. பாவம், அவர் அதுலதான் ஷேவ் பண்ணி பழகணும்னு அவ்வளவு ஆசையா இருந்தார். டிசைன பாத்து வாங்காதீங்க, முதுகு நேரா இருக்கா, மேஜை மேல படுக்க வெச்சா ஆடாம உக்காருதா, எந்த ஸ்டீல்னு எழுதியிருக்கான்னுதான் முதல்ல பாக்கணும்.

கடைசியா ஒண்ணு. நான் 1000 கிரிட் கல்ல இந்த லிஸ்ட்ல வேணும்னேதான் சேர்க்கல. கூர்ல சில்லு இருந்தா, பெவலே இல்லன்னா, அந்த வேலைக்கு 1000 தேவை, ஆனா அந்தக் கல்லு தப்பையும் அதே வேகத்துல செஞ்சிடும், வேலைப்பாடு உள்ள கத்திய வெச்சு அத பழக வேண்டாம். தீட்டறதுல கை தேர்ந்தவங்க கிட்ட அனுப்பிடுங்க, அதுல இன்னொரு நல்லது என்னன்னா சரியா தீட்டின கூர் முகத்துல எப்படி இருக்கும்னு முதல் நாளே தெரிஞ்சிடும், அப்புறம் நீங்க தீட்டறத அதோட ஒப்பிட்டுக்கலாம். அனுப்பும்போது கத்தியோட ஒரு சீட்டு வைங்க: முதுகுக்கு டேப்பு போட்டு தீட்டவும், பஃபிங் வீல்ல பிடிக்கவே வேண்டாம், பிளேடுக்கு பாலிஷ் போட வேண்டாம். பஃபிங் வீல், அதாவது மெஷின்ல சுத்தற பாலிஷ் சக்கரம், தங்கத்த கொஞ்ச நேரத்துல வழிச்சிடும், சூடு ஏறினா மெல்லிசான கூர்ல இருக்கற பதமும் போயிடும், அதனால இத வாயால சொல்லாம எழுத்துல சொல்றதுதான் நல்லது. திரும்பி வந்ததும் எத்தனை லேயர் டேப்பு போட்டாங்கன்னு மறக்காம கேட்டு, கத்தி வைக்கற டப்பாவோட மூடிக்கு உள்பக்கம் எழுதி வெச்சுக்கங்க, அடுத்த தடவ நீங்க 12000 கல்ல எடுக்கும்போது அதே எண்ணிக்கைலதான் ஆரம்பிக்கணும்.